ஏவரியா, ஹேர்ஷியா: டி.என்.ஏ.வுக்கு எது வலுவான சான்று?

பரம்பரைப் பண்புகளைக் கடத்துவது புரதமல்ல, டி.என்.ஏ.தான் என்பதற்கு எது சான்று? கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு மாணவர் தரும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: 1952இல் கோல்ட் ஸ்பிரிங் ஹாபரில் அல்பிரட் ஹேர்ஷியும் மார்த்தா சேஸும் செய்த பரிசோதனை. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1944இல், நியூயோர்க் ரொக்பெல்லர் நிறுவனத்தில் ஒஸ்வால்ட் ஏவரி, கொலின் மக்லியொட், மக்லின் மக்கார்ட்டி மூவரும் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், என் தீர்ப்பு ஏவரியின் பக்கம்தான்.

இரண்டும் இருவேறு வகைத் தர்க்கம். வாய்க்காலின் கடைசி வயலுக்கு எந்த மடையால் தண்ணீர் வருகிறது என்று அறிய இரணைமடுக் கமக்காரருக்கு இரண்டு வழிகள் உண்டு. மடைகளை ஒவ்வொன்றாக அடைத்து, எதை அடைத்தபோது வயல் காய்கிறது என்று பார்க்கலாம். அல்லது மேலே ஒரு பிடி வைக்கோலைப் போட்டு, அது எவ்வழியாக வந்து சேர்கிறது என்று பின்தொடரலாம். ஏவரி மடை அடைத்தார். ஹேர்ஷி வைக்கோல் போட்டார்.

ஏவரி அடைத்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நோய் உண்டாக்கும் உறையுள்ள நியுமோனியா பக்டீரியாவைக் கொன்று, அதன் சாற்றை உறையில்லாத வகையுடன் சேர்த்தால், உறையில்லாததும் உறை பெற்றுவிடும். அதன் சந்ததிக்கும் உறை இருக்கும். 1928இல் ஆங்கிலேய பக்டீரியா ஆய்வாளர் பிரெட் கிரிபித் எலிகளில் கண்டது இதன் தொடக்கம். சாற்றில் உள்ள எந்தப் பொருள் இதைச் செய்கிறது? 75 லீற்றர் வளர்ப்பிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த தூய பொருள் 10 முதல் 25 மில்லிகிராம் மட்டுமே. அற்ககோலைத் துளித்துளியாக விட்டுக் கலக்கும்போது அது நார்நாராகப் பிரிந்து கண்ணாடிக் கோலில் சுற்றிக்கொண்டது. இதை எங்கள் ஆய்வுகூடத்திலேயே காட்டலாம். கனிந்த வாழைப்பழம், உப்பு, பாத்திரம் கழுவும் திரவம், மீன் வியாபாரியிடம் வாங்கிய ஐஸில் குளிரவைத்த ஸ்பிரிட் ஆகியவை போதும். வெண்ணிற நார் மேலே எழும்போது பின்வாங்கில் இருப்பவர்களும் எழுந்து முன்னால் வந்துவிடுவார்கள்.

பிறகுதான் மடை அடைப்பு. புரதத்தை உடைக்கும் திரிப்சின், கைமோதிரிப்சின் நொதியங்களைச் சேர்த்தார்கள், உறை கொடுக்கும் ஆற்றல் குறையவில்லை. ஆர்.என்.ஏ.யை உடைக்கும் நொதியத்தைச் சேர்த்தார்கள், அப்போதும் குறையவில்லை. டி.என்.ஏ.யை உடைக்கும் நொதியம் கலந்த சாற்றைச் சேர்த்தபோது ஆற்றல் அழிந்தது. ஒரு பொருளை நீக்கினால் விளைவும் நீங்குகிறது என்றால், அந்த விளைவுக்கு அந்தப் பொருள் தேவை என்பது உறுதி. ‘கூடவே இருந்தது’ என்பதைவிட இது ஒரு படி மேலான கூற்று.

அப்படியிருந்தும் பலர் ஏற்கவில்லை. அதே நிறுவனத்தில் பணியாற்றிய அல்பிரட் மேர்ஸ்கி, தூய்மைப்படுத்திய பொருளிலும் கண்டறிய முடியாத ஓரிரு வீதம் புரதம் ஒளிந்திருக்கலாம் என்றார். டி.என்.ஏ.யின் அலகுகளான நான்கு காரங்களும் சம அளவில் மாறாமல் அடுக்கப்பட்ட சலிப்பான மூலக்கூறே டி.என்.ஏ. என்ற பீபஸ் லெவீனின் கருத்து வேரூன்றியிருந்த காலம் அது. அவ்வளவு எளிய பொருள் இத்தனை பண்புகளை எப்படிச் சுமக்கும் என்று கேட்டார்கள். 1949இல் ரொலின் ஹொட்ச்கிஸ் புரதக் கலப்பு 0.02 வீதத்துக்கு மேல் இருக்க முடியாது என்று காட்டினார்.

இனி ஹேர்ஷியும் சேஸும். பக்டீரியாவைத் தாக்கும் வைரசொன்றின் புரதத்துக்கு அடையாளமாகக் கதிரியக்கக் கந்தகம்-35, அதன் டி.என்.ஏ.வுக்குப் பொஸ்பரஸ்-32. வைரசு பக்டீரியாவில் ஒட்டியபின் கலவையை மிக்சியில் அடித்தால் வெற்றுறை கழன்றுவிடும். கந்தகத்தில் 75 முதல் 80 வீதம் கழன்றது. பொஸ்பரஸின் பெரும்பகுதி பக்டீரியாவோடு நின்றது. படமாக வரையக்கூடிய அழகு இதற்கு உண்டு, அது மாணவர் மனதில் நிற்பதற்கும் காரணம் அதுவே. ஆனால் சென்ற தவணையில் ஒரு மாணவி கேட்ட கேள்வியைப் பாருங்கள்: “ரீச்சர், இருபது வீதக் கந்தகம் கழரவில்லையே. அந்தப் புரதமே வேலையைச் செய்திருக்கலாம்தானே?” மேர்ஸ்கி ஓரிரு வீதத்துக்காக ஏவரியை நிறுத்திவைத்தார், இங்கோ இருபது வீதம்! புதிதாகப் பிறந்த வைரசுகளில் பெற்றோரின் கந்தகம் ஒரு வீதத்துக்கும் குறைவு, பொஸ்பரஸோ 30 வீதமளவில் வந்து சேர்ந்தது என்பதுதான் அவளுக்கு உரிய பதில். அது நல்ல பதில். ஆயினும் வைக்கோல் வந்த வழியையே அது காட்டுகிறது. அந்த வழியை அடைத்தால் என்ன ஆகும் என்று காட்டவில்லை. ஹேர்ஷியே தம் கட்டுரையில் டி.என்.ஏ.வுக்கு ‘ஏதோ ஒரு பங்கு’ உண்டு என்பதற்கு மேல் போகவில்லை.

அப்படியானால் 1952இல் மட்டும் உலகம் ஏன் தலையசைத்தது? கேட்பவர்கள் மாறியிருந்தார்கள். ஏவரியின் கட்டுரையைப் படித்து டி.என்.ஏ. ஆய்வுக்குத் திரும்பிய எர்வின் சார்காஃப், காரங்களின் விகிதம் இனத்துக்கு இனம் வேறுபடுவதை 1950 அளவில் காட்டி, லெவீனின் கருத்தை உடைத்துவிட்டார். ஹேர்ஷி சார்ந்த வைரசு ஆய்வாளர் குழுவோ ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிச் செய்தி பரப்பும் இறுக்கமான குழு. அறிவியல் சான்று அதன் வலுவால் மட்டும் வெல்வதில்லை, அது விழும் நிலமும் பதமாக இருக்க வேண்டும். மூலக்கூற்று உயிரியலாளர் குந்தர் ஸ்டென்ட் 1972இல் ஏவரியின் பணியை ‘காலத்துக்கு முந்திய கண்டுபிடிப்பு’ என்ற கருத்துக்கு உதாரணமாக்கியது இதனால்தான். ஏவரி 1955இல் நோபல் பரிசு பெறாமலே இறந்தார். ஹேர்ஷிக்கு அது 1969இல் கிடைத்தது, சேஸுக்குக் கிடைக்கவில்லை.

வன்னி வகுப்பறைகளில் உயிரியல் கற்பிக்கும் சக ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்: மிக்சிப் படத்தை முதலில் வரையாதீர்கள். நொதியப் பெயர்களை ஒரு நிரலிலும், ஆற்றல் நின்றதா அழிந்ததா என்பதை அடுத்த நிரலிலும் எழுதி, முடிவை மாணவர்களே சொல்லும்வரை காத்திருங்கள். அதன்பின் ஹேர்ஷிக்கு வந்து, அந்த இருபது வீதத்தை மறைக்காமல் பலகையில் எழுதுங்கள்.