டர்பன் வீட்டுக்கு ட்ரூநாஸா, ஓப்பன்மீடியாவால்ட்டா?

காவடித் திருவிழாப் படங்கள், கல்யாண வீடியோ, கரும்புத் தோட்டத்துக்கு வந்த முன்னோரின் தாள்களை ஸ்கேன் செய்தவை: தென்னாப்பிரிக்க டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் இவை யாரோ ஒருவருடைய மடிக்கணினியில்தான் கிடக்கின்றன. ஒரு கணினியை வீட்டுக்கே பொதுவான கோப்புச் சேமிப்பகமாக (நாஸ்) மாற்றி இவற்றைப் பத்திரப்படுத்தலாம். அதற்கான ட்ரூநாஸ், ஓப்பன்மீடியாவால்ட் என்ற இரண்டு திறமூல மென்பொருள்களும் இலவசம்.

ட்ரூநாஸின் பலம் இசட்எஃப்எஸ் (ZFS) என்ற கோப்பமைப்பு, அதாவது வட்டில் கோப்புகளை எழுதி வைக்கும் முறை. பழைய தரவின் மேலேயே எழுதாமல், புது இடத்தில் எழுதி முடித்த பிறகே பழையதை விடும். அதனால் லோட்ஷெட்டிங்கில் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும்போது) கரண்ட் பட்டென்று போனாலும் கோப்பமைப்பு குலைவது அரிது. கடைசிச் சில நொடி வேலை மட்டும் போகலாம். மாதம் ஒருமுறை ஸ்கிரப் என்ற முழு வட்டுச் சோதனையை ஓடவிட்டால், சத்தமில்லாமல் கெட்டுப்போன படத்தையும் கண்டுபிடித்து, அதே நகல் உள்ள ஜோடி வட்டிலிருந்து சரிசெய்துவிடும். ஆனால் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும், இயங்குதளத்துக்கென்று தனி வட்டும் வேண்டும்.

ஓப்பன்மீடியாவால்ட் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மேல் நிற்பது. ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியே போதும். கையிலிருக்கும் வெவ்வேறு அளவு வட்டுகளை மெர்ஜர்எஃப்எஸ் செருகுநிரலால் ஒன்றாகக் காட்டலாம். ஆனால் வழக்கமான இஎக்ஸ்டி4 (ext4) கோப்பமைப்புள்ள வட்டில் படம் கெட்டாலும் அது சொல்லாது.

சினிமா, பாட்டு என்றால் ஓப்பன்மீடியாவால்ட் போதும். திரும்பக் கிடைக்காத குடும்பத் தாள்களுக்கு என் ஓட்டு ட்ரூநாஸுக்கே. எதுவானாலும் யூபிஎஸ்ஸை (கரண்ட் போனாலும் சிறிது நேரம் மின்சாரம் தரும் பேட்டரிப் பெட்டியை) யூஎஸ்பி கேபிளில் இணைத்து, பேட்டரி குறைந்ததும் கணினி தானாக அணையும்படி அமைத்துவிடுங்கள். அப்புறம், இன்னொரு நகல் அக்கா வீட்டில் இருக்கட்டும்.