மீன்களில் மரபணு இரட்டிப்பு: ஒற்றையாகவா, ஒட்டுமொத்தமாகவா?

மீன்களின் பரிணாமத்தில் மரபணுக்கள் இரு வழிகளில் பெருகியுள்ளன: ஏதேனும் ஒரு மரபணு மட்டும் படியெடுக்கப்படுவது ஒன்று, மரபணுத்தொகுதி முழுவதும் ஒரே தடவையில் இரட்டிப்பது மற்றொன்று.

முதல் வழி குறிப்பிட்ட நெருக்கடிக்குக் கைகொடுப்பது. அண்டார்க்டிக் கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸ் வரை குளிரும். அங்கு வாழும் ஒருவகை ஈல்பவுட் மீனில், சியாலிக் அமிலம் என்னும் சர்க்கரை வகைப் பொருளை உருவாக்கும் நொதியின் மரபணு படியெடுக்கப்பட்டு, ஒரு படி பழைய வேலையைத் தொடர, மற்றொன்று மெல்ல உருமாறி, இரத்தத்தில் நுழையும் பனித்துகளைப் பற்றிக்கொண்டு அதை வளரவிடாமல் தடுக்கும் புரதத்தைத் தரலாயிற்று. எனினும் ஒரு மரபணு மட்டும் கூடும்போது, அதனுடன் இணைந்து செயல்படும் பிற புரதங்களுடனான அளவுச் சமநிலை குலையக்கூடும்.

முழு இரட்டிப்பில், எல்லாம் சேர்ந்தே கூடுவதால், தொடக்கத்தில் அந்தச் சிக்கல் குறைவு. இது மிக அரிது. இன்றைய மீன்களில் மிகப் பெரும்பாலானவை அடங்கும் டெலியோஸ்ட் பிரிவின் மூதாதையில் ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. உடலின் அச்சை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக் கொத்துகள் மனிதரிடம் 4, டெலியோஸ்ட்டான வரிக்குதிரை மீனிடம் 7. நான்கு இரட்டித்தால் எட்டு இருக்க வேண்டும். எட்டாவது, புரதம் தரும் மரபணுக்களை இழந்து, பிற மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் சிறு மூலக்கூறான மைக்ரோ ஆர்.என்.ஏ. ஒன்றை மட்டும் தாங்கி இன்றும் எஞ்சியிருப்பது வியப்புக்குரிய தடயம்.

ஆயினும் மீன் இனங்கள் பலவாகப் பெருகியதற்கு முழு இரட்டிப்பே நேரடிக் காரணம் என்பது அவசர முடிவு. மீண்டும் ஒருமுறை இரட்டித்த சால்மன் குடும்பத்தில், புதிய இனங்கள் பெருகப் பல கோடி ஆண்டுகள் பிடித்தன.