மூன்று வருடம் சர்வதேச பாடசாலை, இப்போது தோட்டத்துப் பாடசாலை

மகளை இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு சர்வதேச பாடசாலையில் மூன்று வருடம் வைத்திருந்துவிட்டு, இந்த வருடம் தரம் 2க்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து அரசாங்கப் பாடசாலைக்கே மாற்றிவிட்டேன். அந்தச் சர்வதேச பாடசாலையின் பெயரைப் போடமாட்டேன். அங்கே படிப்பிக்கிறவர்களில் இரண்டு பேர் எங்கள் தோட்டத்து டிவிசன் பிள்ளைகள்தான், அவர்கள் பிழைப்பில் மண் போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் பஸ் தரிப்பிடத்தில் என்னைப் பிடித்து நிறுத்தி "சேர்க்கலாமா, வேணாமா" என்று கேட்கிற தாய்மாருக்குப் பஸ் வருவதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நர்சரி இரண்டு வருடமும் நன்றாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது. என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிகிற பிள்ளை, ஆறு மாதத்தில் மேடையேறி மைக்கைப் பிடித்துப் பாடினாள். கழிவறையில் எப்போதும் தண்ணீர் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்து நிமிடத்தில் போன் வரும். கட்டணம் மாதம் 6,500 ரூபாய், வேனுக்கு 5,000. கணவர் கொழும்பில் ஹோட்டல் வேலை, நான் டவுனில் புடவைக்கடையில் கணக்கு எழுதுகிறேன், அதனால் ஒருமாதிரி சமாளித்தோம். அந்த இரண்டு வருடத்துக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

தரம் 1க்கு அங்கேயே விடும் எண்ணம் எங்களுக்கு இருக்கவில்லை. டவுனில் உள்ள அரசாங்கப் பாடசாலைக்குத்தான் விண்ணப்பம் போட்டோம். போட்ட பிறகுதான் பிள்ளைகளை எடுக்கிற அந்தப் புள்ளிக் கணக்கு புரிந்தது. பாதி இடம் கிட்ட இருக்கிறவர்களுக்கு. ஆனால் கிட்ட இருக்கிறோம் என்று காட்ட வாக்காளர் இடாப்பு, வீட்டு உறுதி எல்லாம் கேட்கிறார்கள். லயத்து வீட்டுக்கு, அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீட்டுக்கு, உறுதிக்கு எங்கே போவது? கணவரின் தாத்தா காலத்திலிருந்து அதே காம்பிராவில்தான் (அறையில்தான்) இருக்கிறோம், ஆனால் கடதாசியில் அது எங்களுடையது இல்லை. அதுவாவது பரவாயில்லை, நம் வீட்டுக்கும் கேட்கிற பாடசாலைக்கும் இடையில் வேறு அரசாங்கப் பாடசாலை இருந்தால் அதற்கும் புள்ளி வெட்டுவார்கள். எங்கள் லயத்துக்குக் கீழே பத்து நிமிடத்தில் தோட்டத்துப் பாடசாலை, அதுவே எங்கள் பிள்ளையின் புள்ளியை வெட்டியது. அந்தப் பாடசாலையின் பழைய மாணவர் என்று காட்டிப் புள்ளி எடுக்கவும் வழியில்லை, நான் படித்தது பொகவந்தலாவையில். பட்டியலில் பெயர் வரவில்லை.

சரி, தெரிந்த இடம்தானே என்று சர்வதேச பாடசாலையிலேயே தரம் 1க்கு விட்டோம். தலைவலி தொடங்கியது அங்கேதான்.

திரும்பவும் அனுமதிக் கட்டணம் 60,000. "நர்சரிக்குக் கட்டினோமே" என்றால், "அது நர்சரிக்கு மிஸ்" என்றார்கள். மாதக் கட்டணம் 11,000 ஆனது. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிற பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் இங்கே கிடையாது, புத்தகத்துக்குத் தனிக் காசு, அதிலும் பாதி போட்டோகொப்பி. அப்புறம் மாதத்துக்கு ஒரு 'டே'. கலர் டே, பழ டே, தொப்பி டே. பழ டேக்கு என் மகளுக்கு வந்த பழம் கிவி! வீட்டுக் கோடியில் கொய்யா காய்த்துக் கொட்டுகிறது, வேலியில் கொடித்தோடை தொங்குகிறது, நான் ஹட்டன் டவுன் முழுக்கக் கிவி தேடி அலைந்தேன். கடைசியில் கண்டியிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார்.

வகுப்பு மிஸ் அந்த ஒரு வருடத்தில் மூன்று பேர் மாறினார்கள். முதலில் இருந்தவர் நல்ல கெட்டிக்காரி, மகள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்கிறாள். ஆசிரியர் பயிற்சிக்குப் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்ததும் போய்விட்டார். போகாமல் என்ன செய்வார்? பயிற்சி முடித்தால் அரசாங்க நியமனம், ஓய்வூதியம். இங்கே அவருக்குக் கொடுத்தது எவ்வளவு என்று பிறகு கேள்விப்பட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. நல்ல ஆளாக இருந்தால் போய்விடுவார், பயிற்சி முடித்து எங்கேயோ ஒரு தோட்டத்துப் பாடசாலையில் இலவசமாகப் படிப்பிப்பார். இதில் நான் எதற்குக் காசு கட்டினேன் என்று அன்றைக்குத்தான் முதல்முறை யோசித்தேன்.

இங்கிலீஷ் வந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வந்தது, ஒரு அளவுக்கு. "மே ஐ கோ டு த டொய்லட்" எல்லாம் சொல்வாள், போனில் அப்பாவோடு இரண்டு வரி பேசுவாள், அவருக்குக் கொழும்பில் கால் தரையில் படாது. ஆனால் பாடமாக்காத ஒரு பக்கத்தைக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாது. தமிழ் கிழமைக்கு இரண்டே பாடம். ஒருநாள் மாமியாருக்குச் சேமலாப நிதியிலிருந்து (தொழிலாளர் சேமிப்பு நிதி) ஒரு கடிதம் வந்தது. அவர் முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர், எழுத்து தெரியாது. அவர் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்துப் பாடசாலையைத் தோட்டத்து நிர்வாகம்தான் நடத்தியது, எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். எழுபதுகளில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுக்கத் தொடங்கியது, அதற்குள் இவர் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்விட்டார். கடிதத்தை மகளிடம் நீட்டி "படி பாப்பா" என்றார். மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஒரு எழுத்தும் வரவில்லை. மாமியார் கோபப்படவில்லை. "காசு கட்டாமலே நானும் இப்பிடித்தானே புள்ள இருக்கேன்" என்று சிரித்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை? "நாங்க பிள்ளைகளுக்கு அந்த அழுத்தம் குடுக்கிறதில்ல மிஸ்." விசாரித்தால் விஷயம் வேறு, அந்தப் பரீட்சை அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அரசாங்கம் அங்கீகரித்த தனியார் பாடசாலைப் பிள்ளைகளுக்கும்தான். சர்வதேச பாடசாலைகள் கம்பனியாகப் பதிவு செய்து நடத்துகிறவை, அந்தக் கணக்கில் வராது. பதினோராம் தரத்தில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சை? தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம், இல்லாவிட்டால் இங்கிலாந்துக்காரர் நடத்துகிற லண்டன் பரீட்சை. இதில் ஒன்றையும் சேர்க்கும்போது யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அங்கே வகுப்பே தரம் 8 வரைதான், அதற்குப் பிறகு கண்டிக்குப் போகச் சொல்கிறார்கள். கணவரின் தம்பி பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், அவன்தான் விளக்கினான்: நுவரெலியா, பதுளை மாதிரிப் பின்தங்கிய மாவட்டங்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனியாக 5 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆனால் உள்ளூர் உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளியை எடுத்தால்தான் அந்த வரிசையிலேயே நிற்கலாம். கையில் காசு இருக்கிறவன் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புவான். நாங்கள்?

தரம் 1க்கு ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் முதல் மிஸ்ஸுக்காக.

தோட்டத்துப் பாடசாலை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. தரம் 5 வரைதான் இருக்கிறது. இரண்டு வகுப்புக்கு நடுவில் அரைச் சுவர், அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கப் பிள்ளையும் சேர்ந்து சொல்கிறது. மழைக் காலத்தில் போகிற பாதையில் அட்டை, வெயில் காலத்தில் கழிவறையில் தண்ணீர் இல்லை, அதைப் பற்றிப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நானே சண்டை போட்டிருக்கிறேன். இங்கிலீஷுக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. ஆனால் மகளின் வகுப்பில் 14 பேர். டீச்சர் இரண்டு மாதம் பாடசாலை விட்டபிறகும் இருத்தி வைத்து அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார், ஒரு சதம் வாங்கவில்லை. இப்போது கடைப் பெயர்ப்பலகை, பிஸ்கட் பைக்கற், வேனில் ஒட்டியிருக்கிற சாமி வாசகம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாக வாசித்துக்கொண்டு வருகிறாள், பஸ்ஸில் எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. இங்கிலீஷுக்குச் சனிக்கிழமையில் ஓய்வுபெற்ற சேர் ஒருவரிடம் விடுகிறேன், மாதம் 2,000.

மாற்றியபோது லயமே பேசியது. "ஏன், காசு முடிஞ்சிருச்சா?" என்று நேரிலேயே கேட்டார்கள். கணவர் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. டை கட்டி, சப்பாத்து பளபளக்க, வேனில் ஏறிப் போகிற பிள்ளையை நாலு பேர் பார்ப்பதும் அந்தக் கட்டணத்துக்குள் அடக்கம்தான் போல. எனக்கும் அது பிடித்திருந்தது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

என்னைக் கேட்டால் நர்சரிக்கு விடுங்கள். தரம் 1க்கு விடுவதாக இருந்தால் எத்தனையாம் தரம் வரை வகுப்பு இருக்கிறது, எந்தப் பரீட்சைக்குப் பழக்குகிறார்கள், தமிழ் கிழமைக்கு எத்தனை பாடம், போன வருடம் வகுப்பு மிஸ் எத்தனை தடவை மாறினார் என்று காசு கட்ட முதலே கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் பதில் வராது. இன்னொன்று, விலகும்போது திருப்பித் தருவதாகச் சொன்ன 15,000 வைப்புப் பணம் எனக்கு இன்னும் வரவில்லை. இரண்டு தடவை கடிதம் கொடுத்துவிட்டேன், மூன்றாவது தடவை போனபோது "ரசீதில் அப்படி இல்லையே மிஸ்" என்றார்கள். எடுத்துப் பார்த்தேன், உண்மையிலேயே இல்லை. வாயால் சொன்னதை நம்பிவிட்டேன், நீங்கள் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.