ஆமைகள் நல்லவர்களா? ட்வைலைட் இம்பீரியம், நான்காம் பதிப்பு

ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் நிறுவனம் 1997இல் முதன்முதலாக வெளியிட்டு, 2017இல் நான்காம் பதிப்பாகத் திருத்தி அமைத்த ட்வைலைட் இம்பீரியம் என்னும் பலகை விளையாட்டில், காலியாகக் கிடக்கும் ஓர் அண்டப் பேரரசின் அரியணைக்காக 17 இனங்கள் மோதுகின்றன. மூவர் முதல் அறுவர் வரை ஆடலாம். முதலில் 10 புள்ளி சேர்ப்பவர் வெல்வார். புதிய பெட்டியைக் கோலாலம்பூரில் 500 ரிங்கிட்டுக்குக் குறைவாக வாங்குவது கடினம். அந்த விலைக்குக் கிடைக்கும் 300க்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் கப்பல்கள், தடித்த அட்டைகள் ஆகியவற்றின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதால் அதைப் பற்றி மேலும் எழுதப் போவதில்லை. அறிவியல் புனைகதைப் போர்களில் வேற்றுக்கோள் இனங்களை நல்லவை, கெட்டவை என்று தோலைப் பார்த்தே பிரித்துவிடும் பழக்கத்தை இந்த விளையாட்டு எங்கே உடைக்கிறது, எங்கே அதற்குப் பணிந்துபோகிறது என்பதே என் அக்கறை.

ஸ்ச்சா என்னும் ஆமை முகத்தாரை எடுத்துக்கொள்வோம். சாந்தமானவர்கள், போரை வெறுப்பவர்கள் என்றே விளையாட்டு அவர்களை அறிமுகப்படுத்துகிறது. அவர்களுக்குரிய சிறப்புத் திறனின் பெயரும் சமாதான ஒப்பந்தம் என்பதுதான். ஆனால் அத்திறன் செய்யும் வேலை என்னவென்றால், அரசதந்திர அட்டை பயன்படுத்தப்படும்போது, தமக்கு அடுத்திருக்கும் கோள் ஒன்றில் எவருடைய படையும் இல்லையென்றால், அது இன்னொருவரின் ஆட்சியில் இருந்தாலும் சரி, அதைத் தமதாக்கிக்கொள்ளலாம். பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பர் ஒருவரின் வீட்டில் நாங்கள் ஆடியபோது, காவலுக்கு ஆள் வைக்காமல் விட்ட என் எல்லைக் கோள் ஒன்று இப்படித்தான் போயிற்று. "அண்ணே, ஒரு துப்பாக்கிகூட வெடிக்கலையே, இதுல என்ன தப்பு?" என்று கேட்ட தம்பிக்கு மேசையில் ஒருவராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஹக்கான் என்னும் சிங்க முகத்து வணிகர்கள் மற்றவர்களைப் போல அண்டை நாட்டாரோடு மட்டுமன்றி, தொலைவில் இருப்பவரோடும் கொடுக்கல் வாங்கல் செய்யலாம். ஆகவே போரிடும் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் பொருள் கொடுத்து, இருவரும் தளரும்வரை காத்திருக்க அவர்களால் முடியும். சிரித்த முகமும் சமாதானப் பேச்சும் குற்றமற்ற தன்மைக்குச் சான்றாகா என்பதை எந்த உபதேசமும் இல்லாமல் விதிகளே காட்டிவிடுகின்றன.

விளையாட்டின் மிகப் பெரிய ஒழுக்கக் குறையும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஒவ்வொரு கோளுக்கும் ஓர் அட்டை உண்டு. அதில் வளம், செல்வாக்கு என்ற இரண்டு எண்கள் இருக்கும். யாருக்கும் சொந்தமில்லாத கோளில் ஒரு காலாட்படையை இறக்கினால் போதும், அட்டை கைக்கு வந்துவிடும். அங்கே யார் வாழ்ந்தார்கள், வந்தவனை அவர்கள் விரும்பினார்களா என்பதை ஆட்டம் கேட்பதே இல்லை. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் கூடியிருந்த மேசையில், தோட்டம் என்றால் இத்தனை ஏக்கர், இத்தனை ராத்தல் பால் என்று மட்டுமே எழுதிவைத்த கம்பெனிக் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வராமல் போகுமா? எந்த இனம் அறமுள்ளது என்று நாம் மணிக்கணக்கில் வாதாடினாலும், அந்த வாதம் முழுவதும் படை வைத்திருப்பவர்களுக்கு இடையிலேயே நடக்கிறது.

அதே வேளையில், வாக்குறுதி பற்றிய விதி எனக்கு மிகவும் பிடித்தது. இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அந்தக் கணமே நிறைவேற்றக்கூடியதாக இருந்தால் மட்டுமே அது கட்டுப்படுத்தும். அடுத்த சுற்றில் உன்னைத் தாக்கமாட்டேன் என்பதுபோன்ற வாக்கை மீறினால் எந்தத் தண்டனையும் இல்லை. இதனால் சொன்ன சொல் காப்பது எந்த இனத்தின் குணமாகவும் இல்லாமல், அந்த இனத்தை ஆடுபவரின் முடிவாகிவிடுகிறது. இதற்கு நேரெதிராக, அரியணைக்கு ஆதரவு என்னும் அட்டையைப் பெற்றவருக்கு 1 புள்ளி கிடைக்கிறது. கொடுத்தவரின் படை இருக்கும் மண்டலத்துக்குள் பெற்றவர் நுழைய முற்பட்டால் அந்தப் புள்ளி போய்விடும். விலை கொடுத்து வாங்கிய நட்பு வாய்ச்சொல்லால் வந்த நட்பைவிட நீடிப்பதைப் பார்த்து எங்கள் மேசையில் சிலர் வருந்தினார்கள். நான் வருந்தவில்லை, அரசுகளுக்கிடையே நடப்பது பெரும்பாலும் அதுதான்.

போர் நெறி பற்றிய பகுதி இன்னும் கூர்மையானது. மெகாடோல் ரெக்ஸ் என்னும் தலைநகரக் கோளை 6 செல்வாக்கு செலவிட்டு முதலில் கைப்பற்றுபவர் 1 புள்ளி பெறுகிறார். அதன் பிறகே அண்ட மன்றம் கூடிச் சட்டங்களுக்கு வாக்களிக்கத் தொடங்கும். பண்பாட்டுக் கோள்களின் மேல் வானிலிருந்து குண்டு பொழிவதைத் தடைசெய்யும் சட்டம் ஒன்றும் அட்டைக் கட்டில் உண்டு. ஆனால் இரகசிய இலக்கு அட்டைகளுள் ஒன்று, குண்டுவீச்சினாலேயே ஒரு கோளின் கடைசிப் படையையும் அழிப்பவருக்கு 1 புள்ளி தருகிறது. அந்த அட்டையைக் கையில் மறைத்துவைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தின் மேல் ஒருவர் ஆற்றும் உரையைக் கேட்க வேண்டும்!

நெட்டிமையார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய புறநானூற்று 9ஆம் பாட்டு, அம்பு விடுமுன் பசுக்களையும் பார்ப்பனரையும் பெண்டிரையும் நோயாளிகளையும் மகப்பேறு இல்லாதோரையும் அரண் சேருமாறு அறிவித்து அறப்போர் புரிந்தவன் என்று அவனைப் போற்றுகிறது. அதே புலவர் அதே மன்னனைப் பாடிய 15ஆம் பாட்டில், பகைவரின் நல்ல அரண்களைக் கழுதை பூட்டி உழுது அவன் பாழாக்கியதும் புகழாகவே இடம்பெறுகிறது. இவ்விரு பாட்டையும் படித்துவிட்டுப் பாண்டியர் நல்ல இனமா, தீய இனமா என்று கேட்பது வெட்டிப் பேச்சு. அறிவிப்பை ஏற்கலாம், உழுததை ஏற்க மறுக்கலாம். இந்த விளையாட்டும் தன் சிறந்த தருணங்களில் செயலைத்தான் தீர்ப்புக்கு நிறுத்துகிறது.

நெக்ரோ வைரஸ் வரும்போது அந்தத் துணிவு கைவிட்டுப் போகிறது. தானாக எதையும் ஆராய்ந்து கண்டுபிடிக்க இயலாத இந்த இயந்திர இனம், போரில் எதிரியின் கப்பலோ படையோ ஒன்று அழிந்ததும் அவரிடமுள்ள தொழில்நுட்பம் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அண்டத்துக்கே ஆபத்து என்ற முத்திரையோடு மன்றத்தில் வாக்குரிமை இல்லாமல் நிறுத்தப்பட்டிருக்கிறது. வேறு வழியில் வாழ முடியாத ஒன்றைக் கொடியது என்று எப்படிக் குற்றஞ்சாட்டுவது? புலிக்குப் பயப்படலாம், வேலி போடலாம். குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. இதில் எனக்கு வியப்பளிப்பது, வாக்களிக்க முடியாத அதே நெக்ரோவால் மற்ற எவரையும் போல ஒப்பந்தம் பேச முடியும், பேசியதைக் காக்கவும் முடியும் என்பதுதான். வாக்குறுதி காக்கத் தெரிந்த ஒன்றை மன்றத்துக்கு வெளியே நிறுத்துவதற்கு விதிப்புத்தகம் சொல்லும் காரணம் போதாது. லிசிக்ஸ் இனத்தை விளையாட்டு இதைவிட நன்றாகக் கையாண்டிருக்கிறது. வீழ்த்தப்பட்ட பழைய ஆளும் இனமான லாசாக்ஸின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று கூறி, பாதி இயந்திரமாகத் திரும்பி வரும் அவர்களிடம் கொடுமையும் உண்டு, கொடுமைக்கு முன்கதையும் உண்டு.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். ஆறு பேர் ஆடினால் எட்டு மணி நேரம் எளிதாகக் கழியும் என்பதால், மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் விளையாட்டு கஃபேக்கள் இதற்கு ஏற்றவை அல்ல. வீட்டுச் சாப்பாட்டு மேசையும் போதாது, கொண்டோமினியத்தின் பொது மண்டபமே வசதியானது. போர் மட்டும் வேண்டுவோருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும், ஏனெனில் பாதி நேரம் பேச்சிலேயே போகிறது. 2020இல் வந்த புரொஃபசி ஆஃப் கிங்ஸ் விரிவாக்கம் மேலும் 7 இனங்களைச் சேர்த்து எட்டுப் பேர் வரை ஆட வழிசெய்கிறது. ஆனால் அதில் வரும் வுய்ல்ராய்த் இனம் அழித்த படைகளை விழுங்கி வைத்துக்கொள்வதாக அமைக்கப்பட்டிருப்பதால், நெக்ரோவில் கண்ட குறையே அங்கும் தொடர்கிறது. முதலில் அடிப்படைப் பெட்டியை மட்டும் வாங்குங்கள். முதல் ஆட்டத்தில் உங்களுள் அதிகம் வாதாடுபவரின் கையில் ஆமைகளைக் கொடுங்கள்.