ஆம்பூலில் வரும் பாக்டீரியா: கல்ச்சர் கலெக்‌ஷன் சேவை எப்படி?

எங்கள் லேபில் பாக்டீரியாவை உறையவைக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைப் பார்த்துக்கொள்வது நான். யாருக்கு எந்த ஸ்ட்ரெயின் (ஓர் இனத்துக்குள் தனி வகை) வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அந்த உரிமையில் சொல்கிறேன்: புது ஆய்வு தொடங்குகிறீர்களா, பாக்டீரியாவை, எண் போட்டுப் பாதுகாத்து விலைக்குத் தரும் பொது கல்ச்சர் கலெக்‌ஷனிலிருந்து வரவழையுங்கள். நாங்கள் அதிகம் வாங்குவது ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் இருக்கும் டிஎஸ்எம்இசட்டிலிருந்து. 1969இல் தொடங்கிய நிறுவனம். இதே வேலையைச் செய்யும் அமெரிக்காவின் ஏடிசிசியும் பிரிட்டனின் என்சிடிசியும் அதைவிடப் பழையவை.

பக்கத்து லேபில் கேட்டால் அன்றைக்கே ஒரு ப்ளேட் கிடைத்துவிடுமே, எதற்கு இத்தனை சுற்று என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பதிலாக ஃப்ரீசரின் கீழ்த் தட்டைத் திறந்து காட்டுவேன். ‘ஈ. கோலை, புதுசு’ என்று எழுதிய குப்பி ஒன்று அங்கே இருக்கிறது. பக்கத்தில் யாரோ ஒருவரின் முதலெழுத்துகள். அவர் படிப்பு முடித்துப் போய்விட்டார். எங்கிருந்து வாங்கினார், எத்தனை முறை மறுவளர்ப்பு செய்தார் (புது மீடியத்துக்கு மாற்றி வளர்த்தார்), இடையில் பிளாஸ்மிட் என்ற கூடுதல் டிஎன்ஏ வளையம் ஏதாவது ஏற்றினாரா, எதுவும் யாருக்கும் தெரியாது. அதில் செய்யும் சோதனையை வேறு லேப் எப்படித் திரும்பச் செய்து பார்க்கும்?

குப்பியில் பெயர் சரியாக இருந்தாலும் போதாது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் 168 ஸ்ட்ரெயினைப் பாருங்கள். உலகம் முழுக்க லேப்களில் ஓடுவது அதுதான். 1940களில் மார்பர்க் ஸ்ட்ரெயினைக் கதிர்வீச்சில் வைத்துப் பெற்ற மியூட்டன்ட்களில் (ஜீன் மாறியவற்றில்) ஒன்று. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் கொடுக்காவிட்டால் வளராது. லேப் வாழ்க்கைக்குப் பழகிப்போன அதில் எஸ்எஃப்பி, எப்ஸ்சி போன்ற ஜீன்கள் பழுதாகிக் கிடக்கின்றன. சர்ஃபாக்டின் என்ற சோப்பு போன்ற பொருளைச் சுரக்காது, ஒழுங்கான பயோஃபிலிம் (செல்கள் ஒட்டிச் சேர்ந்த படலம்) கட்டாது. லேபுக்குப் பழகாத உறவான 3610 என்ற ஸ்ட்ரெயினை எம்எஸ்ஜிஜி என்ற மீடியத்தில் (வளர்ப்பு ஊட்டக் கரைசலில்) அசைக்காமல் விட்டால், மேலே சுருக்கம் சுருக்கமாகத் தடித்த ஏடு படிகிறது. இரண்டுக்கும் பெயர் சப்டிலிஸ்தான். பயோஃபிலிம் ஆய்வுக்கு வந்தவர் கையில் கிடைத்த சப்டிலிஸை எடுத்துத் தொடங்கினால் மாதக்கணக்கில் உழைப்பு வீண். கலெக்‌ஷனில் எண் சொல்லிக் கேட்டால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

சரி, பொருள் எப்படி வருகிறது? டிஎஸ்எம்இசட் அனுப்பும் ஆம்பூல், அதாவது மூடி ஒட்டிய கண்ணாடிக் குழாய், கண்ணாடிக்குள் கண்ணாடி. வெளிக்குழாயின் நுனியைத் தீயில் காட்டி, இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டால் விரிசல் விழும். இடுக்கியால் தட்டினால் நுனி உடையும். உள்ளே சின்னக் குப்பி, பஞ்சடைப்பு, அடியில் உலர்ந்த துகள். அரை மில்லி மீடியம் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பாதியைத் திரவத்திலும் மீதியை ப்ளேட்டிலும் போடுகிறேன். ஈரமே இல்லாமல் உறங்கிய செல்கள் மறுநாள் காலனியாக எழுந்து நிற்பதைப் பார்க்க இன்றும் எனக்கு ஆசையாக இருக்கிறது. நாங்கள் வாங்கியதில் வளராமல் போனது எதுவும் இல்லை. மெதுவாக வளரும் இனங்களுக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஆன்டிபயாடிக் சோதனை செய்பவர்களுக்கு இப்படி எண் உள்ள ஸ்ட்ரெயின் இல்லாமல் முடியவே முடியாது. ஈ. கோலை ஏடிசிசி 25922க்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கின் எம்ஐசி (வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவு) லிட்டருக்கு 0.004 முதல் 0.016 மில்லிகிராமுக்குள் வர வேண்டும் என்று, இத்தகைய சோதனைகளுக்கு அளவுகோல் வகுக்கும் ஐரோப்பியக் குழுவான யூகாஸ்டின் அட்டவணை சொல்கிறது. அதைத் தாண்டினால் அன்றைய முடிவு எதையும் நோட்டில் ஏற்ற விடமாட்டேன்.

இந்த இடங்கள் மேல் எனக்குள்ள மரியாதைக்கு இன்னொரு காரணம் உண்டு. என்சிடிசியின் முதல் எண், 1915இல் முதல் உலகப் போரின்போது சீதபேதியில் இறந்த எர்னஸ்ட் கேபிள் என்ற பிரிட்டிஷ் சிப்பாயிடமிருந்து பிரித்த ஷிகெல்லா ஃப்ளெக்ஸ்னெரி என்ற சீதபேதிக் கிருமி. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் கழித்து அதை எழுப்பி ஜீனோம் படித்தார்கள். பெனிசிலின் கண்டுபிடிக்கும் முன்பே அந்தக் கிருமி பெனிசிலினுக்கு அடங்காததாக இருந்தது தெரியவந்தது. யாரோ ஒருவர் குப்பியை மூடி, எண் எழுதி, பத்திரமாக வைத்ததால் கிடைத்த செய்தி இது.

குறைகளும் உண்டு. சின்ன லேபுக்கு விலை சுமைதான். காகித வேலை அதைவிடப் பெரிய தொல்லை: பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், உயிரிப் பாதுகாப்பு உறுதிமொழி, இறக்குமதி அனுமதி. ஒரு கலெக்‌ஷனிலிருந்து எங்களுக்கு வந்த பார்சல் ஒரே ஒரு தாள் குறைந்ததால் சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. உலர்ந்த கல்ச்சர் என்பதால் தாங்கியது. வளரும் நிலையில் அனுப்பியிருந்தால் செத்திருக்கும். அப்புறம், வாங்கிய ஸ்ட்ரெயினை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதி. தடம் குலையாமல் இருக்கத்தான் என்று புரிகிறது. ஆனாலும் பணமில்லாத நண்பர் கேட்கும்போது மறுப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

வாங்கும் வசதி இல்லாதவர்களும் டிஎஸ்எம்இசட்டின் பேக்டைவ், மீடியாடைவ் என்ற இரண்டு தளங்களையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். முதலாவதில் ஸ்ட்ரெயின் எங்கே கிடைத்தது, எந்த வெப்பத்தில் வளரும், எந்தப் பாதுகாப்பு வகை என்பதெல்லாம் இருக்கிறது. இரண்டாவதில் மீடியத்தின் சேர்மானம் கிராம் கணக்கில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். ஆர்டர் போடும் முன் அந்த மீடியத்தைத் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பூலைத் திறந்த பிறகு ரசாயனம் தேடக் கூடாது.

வந்ததும் முதல் வேலை, முதல் வளர்ப்பிலேயே கிளிசரால் ஸ்டாக் (கிளிசரால் கலந்து உறையவைக்கும் குப்பிகள்) நிறையப் போட்டுவிடுவது. ஒவ்வொரு குப்பியிலும் கலெக்‌ஷன் எண், தேதி, எத்தனையாவது மறுவளர்ப்பு என்று எழுதுங்கள். மருந்துத் தரச் சோதனைகளில் மூலக் கல்ச்சரிலிருந்து ஐந்து மறுவளர்ப்புக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. நான் ஆய்வுக்கும் அதையே வைத்திருக்கிறேன். முதல் வரிசைக் குப்பிகளைத் தனிப் பெட்டியில் வையுங்கள், அன்றாட வேலைக்குத் தொடாதீர்கள். முடிந்தால் பாதியை வேறொரு ஃப்ரீசரில் வையுங்கள்.