ஃபார்ம் 5ஆ, ஃபார்ம் 6ஆ?

கேரளாவுல, பாலக்காடு மாவட்டத்து கொழிஞ்சாம்பாற, சித்தூர் பக்கம் இடம் வாங்கி வீடு கட்ட பெர்மிட்டுக்கு போறவங்க முதல்ல மாட்டிக்கறது, வயல்னு பதிவான இடத்தை மாத்த எந்த ஃபார்ம் போடணுங்கறதுலதான். வரி ரசீதுல 'நிலம்'னு இருந்தா நம்மூர்ல சாதாரண வார்த்தை, கேரளா ரெவின்யூல அது வயல்னு அர்த்தம், 'புரயிடம்'னு (வீட்டு மனை, தோட்ட இடம்) இருந்தா தப்பிச்சீங்க.

'நிலம்'னு இருந்தா, கிருஷி பவன்ல (வேளாண் ஆபீஸ்) போய் டேட்டா பேங்க்ல, அதாவது நெல்வயல், நீர்நிலப் பட்டியல்ல, உங்க சர்வே நம்பர் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா ரெக்கார்டுல 'நிலம்'ங்கறத மாத்த ஃபார்ம் 6 போதும், 50 சென்ட் வரைக்கும் அதான், அதுக்கு மேல ஃபார்ம் 7. 25 சென்ட் வரைக்கும் பொதுவா ஃபீஸ் கிடையாது, மேல போனா, ஒரு ஏக்கர் வரைக்கும், அந்தக் கூடுதல் இடத்துக்கு அரசு குறிச்ச நியாய விலையில 10 சதவீதம், காசுதான் வலிக்கும், வேற பெருசா சண்டை இல்லை.

டேட்டா பேங்க்ல உங்க நம்பர் இருந்துச்சுன்னா, அதுல இருந்து நீக்க ஃபார்ம் 5, இது வேற கதை. 2008 ஆகஸ்ட் 12, அதாவது நெல்வயல் நீர்நிலச் சட்டம் வந்த அன்னைக்கு அந்த இடம் எப்படி இருந்துச்சுங்கறதுதான் கேள்வி, இன்னைக்கு தண்ணி நிக்குதா இல்லையாங்கறது இல்லை, அதனால சேட்டலைட் படம் கேப்பாங்க, கிருஷி ஆபீசர் வந்து பாத்து ரிப்போர்ட் எழுதுவார், ஆர்டிஓ (ரெவின்யூ டிவிஷனல் ஆபீசர்) இல்லைன்னா டெபுட்டி கலெக்டர் முடிவு பண்ணுவார். முப்பது வருஷத்து தென்னை நின்னா உங்களுக்கு பலம், நேத்து மண்ணடிச்சதுக்கு ஒரு மதிப்பும் இல்லை. ஃபார்ம் 5 ஜெயிச்சாலும் வேலை முடியலைங்க, டேட்டா பேங்க்ல இருந்து நம்பர் மட்டும்தான் நீங்கும், ரெக்கார்டுல 'நிலம்' மாற திரும்ப ஃபார்ம் 6 போடணும் (இத புரோக்கர் சொல்லவே மாட்டார்).

என்னைக் கேட்டா, டேட்டா பேங்க்ல இருக்கற இடத்துக்கு அட்வான்ஸே குடுக்காதீங்க.