அப்ரெண்டிஸ் திட்டம்: திருப்பூர் சாஃப்ட்வேர் கடைக்காரரின் மதிப்பீடு

படித்து முடித்த பிள்ளைகளைக் கடையிலேயே வைத்துத் தொழில் பழக்குகிற அரசின் அப்ரெண்டிஸ் திட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொண்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர், பார்கோடு பிரின்டர், நெட்வொர்க், சிசிடிவி எல்லாம் போட்டுக் கொடுப்பதும், அவை மக்கர் செய்தால் ஓடிப் போய்ப் பார்ப்பதும் எங்கள் தொழில். மொத்தம் 14 பேர். மத்திய அரசின் இரண்டு அப்ரெண்டிஸ் திட்டங்களில், நாட்ஸ் (NATS) மூலம் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்த ஒரு பெண்ணையும், நாப்ஸ் (NAPS) மூலம் ஐடிஐயில் கோபா என்கிற கம்ப்யூட்டர் ஆபரேட்டர் படிப்பு படித்த ஒரு பையனையும் ஓராண்டுக்கு எடுத்தோம். இரண்டோடு நிறுத்தியது சிக்கனத்தால் அல்ல. மொத்த ஆட்களில் 15 சதவீதம்தான் உச்ச வரம்பு. 14 பேருக்குக் கணக்குப் போட்டால் இரண்டுதான் வரும்.

அப்ரெண்டிஸ் சட்டம் 1961லிருந்தே இருக்கிறது. அது ரயில்வேக்கும் பெரிய மில்லுக்கும் உரியது என்றே எங்கள் வட்டாரத்தில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரெண்டிஸ் வைப்பது கட்டாயம். நான்கு பேரிலிருந்து 29 பேர் வரை இருந்தால் நம் விருப்பம். எங்களை மாதிரிக் கடைகள் எல்லாம் அந்த விருப்பப் பட்டியலில்தான் வருகின்றன.

சரி, பணம். நாங்கள் எடுத்தபோது, 2019 விதிகளின்படி டிப்ளமோ படித்தவருக்கு மாதம் குறைந்தது 8000, பட்டதாரிக்கு 9000 ரூபாய். நாட்ஸில் அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்கிறது. நாப்ஸில் 25 சதவீதம், அதுவும் அப்போது 1500 ரூபாய்க்குள். பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் வேலையில் அடிபட்டால் இழப்பீடு நம் பொறுப்பு. சாயப்பட்டறையில் ஈரத் தரையில் நின்று கேபிள் இழுக்கிற வேலைக்கு அனுப்புகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். நாங்கள் இருவருக்கும் 11,000 கொடுத்தோம். திருப்பூரில் ரூம் வாடகையும் சாப்பாடும் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டே எட்டாயிரத்தை நீட்ட மனசு வரவில்லை.

மானியத்துக்காக மட்டும் எடுக்க நினைக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தத் தொகை பெரிய விஷயமே இல்லை. நான் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. எங்கள் வேலைக்குத் தயாரான ஆள் சந்தையில் கிடையாது. கோடிங் தெரிந்தவருக்கு வெளியே கொடுத்துச் செய்து வாங்குகிற ஜாப் ஒர்க்கின் டெலிவரி சலானில் எடை ஏன் கிலோவில் வருகிறது, இன்வாய்ஸில் ஏன் பீஸ் கணக்கில் வருகிறது என்று தெரியாது. பனியன் தெரிந்தவருக்கு டேட்டாபேஸ் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒன்றிரண்டு பேரை பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் நம்மால் கொடுக்க முடியாத சம்பளத்துக்கு வைத்திருக்கின்றன. ஆக, ஆளை நாமே உருவாக்க வேண்டும். அதற்குப் பத்தொன்பது வயது நல்ல வயது.

உதாரணம் சொல்கிறேன். ஒரு கம்பெனியில் பார்கோடு லேபிளில் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே போகும். எங்கள் சீனியர் போவார், பிரின்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார், கேலிபிரேட் செய்வார், வந்துவிடுவார். அடுத்த வாரம் மறுபடியும் போன் வரும். இந்தப் பெண் கூடப் போனபோது டிரைவர் செட்டிங்கைத் திறந்து பார்த்துவிட்டு, “சார், ரோல்ல லேபிளுக்கு லேபிள் கேப் இருக்குது, இங்க கன்டினியூவஸ்னு போட்டிருக்குதே, ஏன்?” என்று கேட்டிருக்கிறாள். கன்டினியூவஸ் என்றால் இடைவெளியே இல்லாத ஒரே நீளத் தாள். ஏதோ ஒரு எர்ரர் வராமல் இருக்க எப்போதோ யாரோ அப்படி மாற்றி வைத்தது. லேபிள் எங்கே முடிகிறது என்று பிரின்டர் பார்க்காமலே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அனுபவஸ்தர் ‘ஏன்’ கேட்பதில்லை, நேரே கையை வைத்துவிடுகிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் பக்கத்தில் ஏன் கேட்கிற ஆள் ஒருவர் வேண்டும்.

பையன் வேறு ரகம், பேச்சே வராது. 2023 ஆகஸ்ட்டில் ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு தளத்தில் பதிவது, கட்டாயமானதிலிருந்து, சாயங்காலமானால் எங்களுக்கு வருகிற போனில் பாதி 2150 எர்ரர்தான். ஒரே இன்வாய்ஸை இரண்டாவது முறை அனுப்பினால் வருவது அது. அந்தத் தளம் பில்லுக்குத் தருகிற பதிவு எண்ணான ஐஆர்என் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை. லாரி வாசலில் நிற்கும்போது அக்கவுண்டன்ட்டுக்கு அது புரியாது. இவன் அதைத் தமிழில் ஒரு ஏ4 தாளில், எந்தப் பட்டனை அழுத்தி ஏற்கெனவே விழுந்ததை எடுப்பது என்று படத்தோடு எழுதி, போகிற கம்பெனியில் எல்லாம் மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தான். யாரும் சொல்லவில்லை. அந்த போன்கள் நன்றாகக் குறைந்துவிட்டன.

“இவங்களுக்குச் சொல்லிக் குடுக்கற நேரத்துல நானே முடிச்சுட்டு வந்துருவனுங்க” என்று சீனியர் முதலில் முனகினார். நியாயம்தான். முதல் மூன்று நான்கு மாதங்கள் அப்படித்தான் இருக்கும். அவருக்கு வாரத்தில் ஒரு மதியம் வெளி வேலை இல்லாமல் விட்டேன், சொல்லிக்கொடுக்க மட்டும். அந்தச் செலவு எந்த மானியக் கணக்கிலும் வராது. அதைக் கொடுக்க முடியாதவர்கள் அப்ரெண்டிஸ் எடுக்காமல் இருப்பதே மேல்.

இனி அந்த ஒரு மதிப்பெண். அரசின் பங்கு இப்போது பிள்ளைகளின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போகிறது, நல்லது. ஆனால் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். பையனுக்கு இணைந்திருக்கவில்லை, அது சரியாகும் வரை அந்தப் பங்கையும் நாங்களே கொடுத்தோம். ஒப்பந்தம், மாத வருகைப் பதிவு, சம்பளம் போட்டதற்கான ஆதாரம் என்று அரசு போர்ட்டலில் ஏற்ற வேண்டியவை நிறைய. ஆள் வைத்துப் பார்க்கிற கம்பெனிக்கு அது ஒரு பொருட்டில்லை, எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறது. அதைவிடப் பெரிய குறை, அந்த ஓராண்டில் பிள்ளை என்ன கற்றது என்பது பெரும்பாலும் முதலாளியின் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. ஒரு ஏஜென்சிக்காரர் என்னிடமே வந்து, “டேட்டா என்ட்ரிக்கு ஆளாகவே வெச்சுக்கலாம், பேப்பரை நாங்க பாத்துக்கறோம்” என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அப்படி ஓட்டுகிற இடங்கள் உண்டு. சேரப் போகிற பிள்ளைகள், போன வருடம் அங்கே இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேருங்கள்.

முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பெண்ணை நாங்கள் எடுத்துக்கொண்டோம். பையன் கோயம்புத்தூருக்கு, கூடுதல் சம்பளத்துக்குப் போய்விட்டான். நஷ்டம்தானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவன் எழுதிய தாள்கள் இன்னும் ஒட்டியிருக்கின்றன, அடுத்து வருபவருக்குப் பாடமும் அவைதான்.

எடுப்பதென்றால் பாலிடெக்னிக் ரிசல்ட் வருகிற சமயத்திலேயே பேசி வையுங்கள். தீபாவளி சீசனில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அந்த மாதங்களில் திருப்பூரில் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.